நீல நூல்

வியாழக்கிழமை இரவு.

ஹங்கேரியில் தன் கிராமத்துக்குப் போய்வந்த ஈவா, இன்று எங்கள் சிங்கப்பூர் அலுவலகத்தில் பெண்களுக்கெல்லாம் பூ வேலை செய்த கைக்குட்டை கொடுத்தாள். மற்றவர்களுக்குச் சிவப்பு நூல். எனக்கும் மலர் அக்காவுக்கும் நீலம். அவள் ஊரில் கல்யாணமாகாத பெண்ணுக்குச் சிவப்பு, பிள்ளை பெற்றவளுக்கு நீலமாம். போரில் கணவனை இழந்தவர்கள் கடைசிவரை கறுப்பு நூலில்தான் பூ தைத்தார்களாம்.

தினமும் ஆறு மணிக்கு நான் ஓடுவது பிள்ளைகளுக்காகத்தானே என்று கேட்டாள். தலையாட்டிவிட்டேன்.

மலர் அக்கா காதருகில் வந்தார். "எப்ப பெத்த? எங்கிட்ட சொல்லவே இல்ல லா."

"விடுங்கக்கா. இல்லன்னா ஏன் ஓடுறேன்னு கேப்பாங்க."

அவர்களோடு உட்கார்ந்து பேசப் பயந்துதான் ஓடுகிறேன். தேக்கா அங்காடியில் தோசை சாப்பிட்டுவிட்டு அறைக்கு வருகிறேன். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் தினமும் தனியாகச் சாப்பிடுகிறாள் என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

நாளைச் சாயங்காலம் எல்லோரும் சேர்ந்து சாப்பிடப் போகிறார்கள். இந்தத் தடவை நானும் வருகிறேன் என்று சொல்ல ஒரு வாரமாக மனதைத் தயார்செய்து வைத்திருந்தேன். கிளம்பும்போது ஈவா என் தோளைத் தொட்டு, உன்னை வற்புறுத்த மாட்டேன், பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்றாள்.

அதற்கும் தலையாட்டினேன்.