சூடு காட்டிய பெட்டரி

18 ஆகஸ்ட் 2001, சனி. லிந்துலை.

உறுதியானது (பத்திரிகை நிருபரின் பழக்கம், நாட்குறிப்பிலும்): மாலதியின் பெட்டரிகளில் சிலவற்றுக்கு அடுப்புச் சூடு காட்டியாகிவிட்டது. சொன்னது அவள் அம்மா, என் தங்கை பாக்கியம்.

பேருக்குத் தூறல். கொத்மலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கி மண் தெரிகிறது. மின்வெட்டு.

மாலதி கொழும்பில் ஆராய்ச்சி மாணவி. லித்தியமும் கந்தகமும் வைத்த பெட்டரி, சட்டைப் பொத்தான் அளவு. உள்ளே திரவமே இல்லை, எல்லாம் திடம். பாவிக்காமல் வைத்தாலும் அதற்கு எப்படி வயதாகிறது என்று பார்க்கிறாள். ஒரு தொகுதி அங்கே வெப்பத்தில். மற்றது குளிரில் இருக்க வேண்டும். மின்வெட்டில் குளிர்பெட்டியை நம்ப முடியாது. அதனால் இந்த மலைக்குளிரை நம்பி, தோட்டத் தொழிலாளர் லயத்தில் பாக்கியத்தின் அறையில், பிஸ்கட் டின்னில் கொண்டுவந்து வைத்தாள். இது பிசகினால் புலமைப்பரிசில் நின்றுவிடும்.

"டோர்ச் பெட்டரி சோந்து போனா அடுப்போரமா வைப்போம்ல அண்ணே? அப்படித்தான். பாவம், சில்லுன்னு கெடந்துச்சு."

"தொடாதேன்னு சொல்லலையா?"

"டிவி ஓட்டுற கார் பெட்டரிக்கு ஊத்துற மாதிரி தண்ணி ஊத்திறாதம்மான்னா. சூடு காட்டாதேன்னு சொல்லலையே."

எவை? தெரியாது. ரொம்பச் சில்லென்று இருந்தவை மட்டுமாம்.

"அவகிட்ட சொல்லிறாதீங்க."



19, ஞாயிறு. மூடுபனி.

வாங்க வேண்டியவை: மண்ணெண்ணெய், இருமல் மருந்து.

மாலதி கொழும்பிலிருந்து மீட்டரோடு வந்தாள். ஒவ்வொன்றாக அளந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"மாமா, குளிர்ல இருந்ததுலயே சிலது சார்ஜ் இவ்வளவு எறங்கியிருக்கு! இதுவரைக்கும் யாரும் பாத்ததில்ல. எங்க பேராசிரியர் சேர் நம்பவே மாட்டாரு. பேப்பர்ல போடுங்க."

அடுத்த வீட்டு ராசு வாசலில் நின்று: "எனக்கும் ஒரு பேப்பர் எடுத்து வைங்க. ரொட்டி சுத்த இல்ல, படிக்க."

பாக்கியம் ரொட்டியைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். திரும்பவில்லை. கருகல் வாசனை.

பிறகு அவளிடம் தனியாகச் சொன்னேன்: நாளை அவள் பஸ் ஏறும் முன் நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன். அழுதாள். எனக்கும் தூக்கமில்லை.

20, திங்கள். வெயில்.

மாலதி பையைக் கட்டும்போது பாக்கியம், சுவரைப் பார்த்தபடி: "புள்ள, அதுல சிலத நாந்தான் அடுப்புகிட்ட வச்சேன்."

"எதம்மா?"

"தெரியலையே. குளிர் அடிச்சப்பல்லாம்..."

மாலதி டின்னை மூடினாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"டீ ஆறுது புள்ள."

குடிக்கவில்லை. பஸ்ஸில் ஏறும்போது என்னிடம்: "பேப்பர்ல போட்றாதீங்க மாமா."

தெரியாதவை: எவை சூடு பட்டவை, ஏதாவது தேறுமா, பணம் தொடருமா. பேராசிரியர் வெள்ளிக்கிழமை சொல்வார். ஆறிய டீயைக் கொட்டாமல் வைத்திருக்கும் பாக்கியம் மறுபடி கேட்கிறாள், வெள்ளி காலையா, சாயந்தரமா என்று.