அவதிக்கால வாசிப்பு

அம்மிணி,

இன்று காலை உன் புத்தகங்கள் திரும்பி வந்தன. கோடை விடுமுறை முழுக்க ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளில் கிடந்துவிட்டு, ஜூன் பிறந்ததும் ஆசிரியர் அறைக்கு வந்து சேருமே, அந்த ஆங்கிலக் கதைப் புத்தகங்கள். கட்டைப் பிரித்ததும் தேங்காயெண்ணெய், மாட்டுத் தீவனம், யார் வீட்டிலோ வறுத்த மிளகாய் எல்லாம் கலந்து ஒரு வாடை அடித்தது. நீயாக இருந்தால் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து, "இது தோட்டத்துக்குப் போயிருக்கு, இது அடுப்படியிலயே கெடந்திருக்கு" என்று ஜோசியம் சொல்லியிருப்பாய். எனக்குத் தும்மல்தான் வந்தது. ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

நீ போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. நீ ஆரம்பித்து வைத்த இந்தத் தொல்லை மட்டும் என் தலையில் விடிந்திருக்கிறது. அடுத்த வருடத்திலிருந்து புத்தகமே வேண்டாம், கதைச் சுருக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்கிறார் தலைமையாசிரியை. என்ன செய்யலாம் என்று இன்று சாயங்காலத்துக்குள் நான் சொல்லியாக வேண்டியிருந்தது. நிறுத்திவிடலாம் என்று சொல்லத்தான் காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பினேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே வருடம் இங்கே ஆங்கில டீச்சர்களாகச் சேர்ந்தோம். நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரி. நீ சித்திரபுரத்து மின்வாரியக் குடியிருப்பில் குளிரில் வளர்ந்தவள். மலையிலிருந்து இறங்கிய நாளிலிருந்து பாலக்காட்டு வெயிலைத் திட்டிக்கொண்டே இருந்தாய், ஆனால் அந்த வெயிலில்தான் பிள்ளைகள் ஆங்கிலப் புத்தகம் படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாய். சரி, படிக்கட்டும். படித்தால் கதைச் சுருக்கம் எழுத வேண்டும், புதிய சொற்களுக்குப் பொருள் எழுத வேண்டும் என்றேன் நான். நீ கேட்டதோ ஒரே ஒரு கேள்வி. புத்தகத்தை எந்த இடத்தில் மூடி வைத்தாய், ஏன்?

இது என்ன கேள்வி என்று உன்னோடு எத்தனை முறை சண்டை போட்டிருப்பேன். "மூடுன எடத்துலதான்டி படிப்பு இருக்கு" என்பாய். ஒரு பையன், திரீ ஃபேஸ் கரண்ட் வந்துவிட்டது, மோட்டார் போடப் போனேன் என்று எழுதினான். ஒரு பெண், கதையில் வரும் மாமா தன் மாமாவைப் போலவே பேசுகிறார், பயமாக இருந்தது, மூடிவிட்டேன் என்று எழுதினாள். அந்தத் தாளோடு நீ அவள் வீட்டுக்கே போய் அவள் அம்மாவிடம் பேசிவிட்டு வந்தாய். மோட்டார் பையனுக்கு முழு மதிப்பெண் போட்டாய். மோட்டாருக்கு எதற்கு மதிப்பெண் என்று கேட்டதற்கு, "பொய் சொல்லலல்ல?" என்று என்னையே திருப்பிக் கேட்டாய். உன்னோடு வாதாடி யார் ஜெயிக்க முடியும்?

அந்த நோட்டீஸை மறக்க முடியுமா! இங்கே மலையாளத்தோடு புழங்கிப் புழங்கி விடுமுறையை நாமும் அவதி என்றுதான் சொல்கிறோம். நீ பாட்டுக்குக் கொட்டை எழுத்தில் 'அவதிக்கால வாசிப்பு' என்று எழுதிப் பலகையில் ஒட்டிவிட்டாய். பொள்ளாச்சிப் பக்கமிருந்து புதிதாகக் குடிவந்த ஓர் அப்பா அதைப் படித்துவிட்டு நேரே நம்மிடம் வந்தார்.

"ஏனுங்க டீச்சர், பசங்களை அவதிப்படுத்தறதுன்னு முடிவு பண்ணீட்டீங்க, செரி. அதை இப்பிடி போர்டுல வேற எழுதிப் போடோணுங்களா?"

அவதி என்றால் இங்கே லீவு என்று நான் விளக்கினேன்.

"அப்ப நாங்க அவதிப்படறதுக்கு இங்க என்னன்னுங்க சொல்றது?"

நீ மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாய். சொல்லை மாற்றித் தொலை என்று கெஞ்சினேன். "லீவுல இங்கிலீஷ் புக்கு படிக்கிறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்டி" என்று சொல்லிவிட்டாய். இன்று வரைக்கும் பிள்ளைகள் வாயில் அது 'அவதி புக்'தான்.

இன்று காலை அவர்கள் எழுதிக் கொடுத்ததை நீ பார்த்திருக்க வேண்டும். நாற்பதாம் பக்கத்தில் மூடினேன், நாயகியின் மனவுறுதி என்னை ஆழமாக நெகிழச் செய்தது. இப்படி ஒரு தாள். அடுத்த தாளிலும் அதுவே. அதற்கடுத்த தாளிலும். எவனோ ஒருவன் போனிடம் கேட்டு வாங்கி வகுப்புக் குழுவில் போட்டிருக்கிறான், மற்றவர்கள் கமா மாறாமல் இறக்கியிருக்கிறார்கள். புத்தகத்தில் நாற்பதாம் பக்கமே கிடையாது, அம்மிணி. அதற்கு முன்பே கதை முடிந்துவிடுகிறது. நெகிழ்ந்தார்களாம்! எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கட்டை அப்படியே தலைமையாசிரியை மேஜையில் வைத்துவிட்டு வரலாமா என்றிருந்தது.

ஒரே ஒரு தாள்தான் வேறு மாதிரி இருந்தது. அபிநயா என்ற பெண்ணுடையது. 'ஐ நாட் க்ளோஸ். ஐ நாட் ஓப்பன்.' அவ்வளவுதான். இரண்டு வாக்கியம், இரண்டிலும் 'டிட்' இல்லை. வகுப்பில் அவளை எழுப்பிக் கேட்டேன்.

"அம்மா வழுக்கி உழுந்து காலை ஒடிச்சுக்கிட்டாங்க டீச்சர். சோறாக்கறது, மாடு கறக்கறது எல்லாம் நாந்தானுங்க."

"மத்தவங்களைப் போல போன்ல பார்த்து எழுதியிருக்கலாமே?" என்றேன். கிண்டலாகத்தான் கேட்டேன். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"தொறக்கவே இல்லாத புக்கை மூடுனேன்னு எப்பிடிங்க டீச்சர் எழுதறது?"

அதோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. "நீங்க எங்க மூடுனீங்க டீச்சர்?" என்று கேட்டாள். பிள்ளைகளோடு நாமும் ஒரு புத்தகம் படித்து, மூடிய இடத்தைச் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டுப் போனவள் நீ. போன வருடம் அதை எப்படியோ மழுப்பிவிட்டேன். இன்று முடியவில்லை.

கோவை ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டிய துப்பறியும் கதையைச் சொன்னேன். புத்தகத்தைப் பிடிக்கக் கையில் தெம்பில்லாவிட்டாலும் வாய் மட்டும் குறையவில்லை உனக்கு. "மெதுவா வாசிடி, ரயிலா புடிக்கப் போற?" கொலை செய்தது டிரைவர்தான் என்று நீ அடித்துச் சொன்னாய். இல்லை, தம்பிக்காரன் என்றேன் நான். கடைசிச் சில பக்கங்கள் இருக்கும்போது பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் வந்தார். நாளைக்குப் பார்க்கலாம் என்று மூடினேன். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில் நான் வேலந்தாவளம் தாண்டுவதற்குள் போன் வந்துவிட்டது.

இவ்வளவையும் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. "ஆஸ்பத்திரியில நேரமாயிடுச்சுன்னு சொன்னாங்க. அங்க மூடினேன். அப்புறம் தொறக்கலை" என்று மட்டும் சொன்னேன். யாரைப் பற்றிச் சொல்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த அதிகப்பிரசங்கிதான் மறுபடி வாயைத் திறந்தாள்.

"எனக்கு இன்னும் ரெண்டு வாரம் குடுங்க டீச்சர், நான் படிச்சிர்றேன். நீங்களும் படிச்சுட்டு வாங்க."

மற்றவர்களையும் புத்தகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். சாயங்காலம் தலைமையாசிரியை கேட்டார். "அடுத்த வருஷமும் புத்தகம்தான் கொடுக்கணும்" என்றேன். "நீங்கதானே டீச்சர் இதை வேண்டாம் வேண்டாம்னு சொல்லிட்டிருந்தீங்க?" என்று ஆச்சரியப்பட்டார். எனக்கே ஆத்திரமாகத்தான் இருந்தது. உயிரோடு இருக்கும்போது நீ கேட்டு ஒரு தடவைகூட நான் விட்டுக் கொடுத்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் டீகூடப் போடவில்லை. பீரோவில் துணிகளுக்கு அடியில் கிடந்த அந்தப் புத்தகத்தை எடுத்து, விட்ட இடத்திலிருந்து வாய்விட்டுப் படித்தேன். மெதுவாகத்தான் படித்தேன். முடிவு சப்பென்று இருக்கிறது, அம்மிணி. ஒரு வருடமாக இதைத் திறக்கவா நான் அவ்வளவு பயந்தேன் என்று எரிச்சலாக வந்தது. அப்புறம் அழுகை வந்தது.

டிரைவர் இல்லை. தம்பிக்காரன்தான். உன்னோடு போட்ட இத்தனை சண்டையில் முதல்முறையாக நான் சொன்னது சரியாகிவிட்டது, அதை ஒப்புக்கொள்ள நீ இல்லை.