இந்தக் கவரை நான் திறக்கவில்லை

ஏறாவூர்,
வெள்ளிக்கிழமை.

என் மகள் ஸாதியாவுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். உன் உடம்புக்கும் மருமகன் மின்ஹாஜின் உடம்புக்கும் இர்ஷானாக் குட்டியின் சின்ன உடம்புக்கும் அல்லாஹ் ஒரு குறையும் வைக்கக் கூடாது என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். என் சுகத்தை விசாரித்தால், விசாரிக்கத்தான் நீ போனை எடுக்கிறாய் இல்லையே, அதனால் நானே சொல்லிவிடுகிறேன், முழங்காலைத் தவிர எல்லாம் சுகம், அல்ஹம்துலில்லாஹ். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். போனில் பேசினால் நடுவில் வைத்துவிடுகிறாய், வொட்ஸ்அப்பில் அனுப்பினால் நீலக் கோடு விழுகிறது, பதில் விழுவதில்லை. எப்படியும் கட்டாருக்குக் கூரியர் அனுப்பத்தான் வேண்டும், அந்தப் பொதிக்குள் இதற்கும் இடம் இருக்கிறது. முதலில் இதை முழுதாக வாசி, பொதிக்குள் இருக்கும் மற்றதைத் தொடாதே, ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

உன் வீடு நன்றாக இருக்கிறது. மழைக்கு முன் ஆள் பிடித்து உடைந்த ஓடு மாற்றினேன், வெள்ளிக்கிழமை தோறும் ஹோல் ஜன்னலையெல்லாம் திறந்து காற்று விடுகிறேன், செற்றியில் விரித்த துணியை உதறி மறுபடி விரித்துவிட்டு குசினிப் பக்கம் வந்துவிடுவேன். பக்கத்து வீட்டு றம்லா மதிலால் எட்டிப் பார்த்து, இவ்வளவு பெரிய வீட்டப் பூட்டி வெச்சிட்டு இந்த மூலைக்குள்ள என்னத்துக்கு கா கிடக்கிறீங்க என்று கேட்கிறாள். அவளுக்குத் தெரியாததா? உன் நிக்காஹ் பேசி முடித்த கையோடு வாப்பா வீட்டை உன் பெயருக்கு எழுதினார், எழுதின கையோடு நானும் அவரும் பாயைச் சுருட்டிக்கொண்டு குசினியோடு சேர்ந்த அறைக்கு வந்தோம். மகளும் மருமகனும் முன்னால், பெற்றவர்கள் பின்னால், இந்த ஊரில் மகளைப் பெற்ற எல்லாரும் இருப்பது அப்படித்தான். முன்னால் ஆள் இருந்தால் பின்னால் இருப்பது ஒரு குறையே இல்லை, பேச்சுச் சத்தம் கேட்கும், பேத்தி ஓடி வந்து சீனிப் போத்தலைக் கவிழ்க்கும், ஏசலாம். முன்னால் யாரும் இல்லாத வீட்டின் பின்னால் இருப்பதற்கு என்ன பெயர் என்றுதான் எனக்குத் தெரியவில்லை. வாப்பா இருந்தவரை அவரோடு சண்டை பிடித்தாவது பொழுது போனது. அவர் மௌத்தான பிறகு ஒரு கோப்பை தேத்தண்ணீர் ஊற்றி, அதைக் குடித்து, அதே கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தால் என் குடும்ப வேலை முடிந்தது. நான் குறை சொல்லவில்லை மகள், எப்படி இருக்கிறீர்கள் என்று நீ கேட்டால் சொல்வதற்கு வைத்திருந்ததைச் சொல்கிறேன்.

நோன்புப் பெருநாளுக்குப் பிறகு நீ போனில் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது, எனக்கு ஒரு சொல் பிசகாமல் இருக்கிறது. நீ படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் முதுமாணிப் பட்டம் இல்லாதவர்களுக்கு இனி வேலை இல்லையாம், வந்தாறுமூலை யூனிவர்சிட்டியில் நீ பாதியில் விட்ட முதுமாணியின் கிரெடிட்டுகளை ஏதோ ஒரு ஒன்லைன் யூனிவர்சிட்டி ஏற்றுக்கொண்டால் மிச்சத்தை அங்கே வீட்டிலிருந்தே முடித்துவிடுவாயாம், ஏற்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு ஜனவரியில் பிள்ளையோடு ஊருக்கு வந்து, ஒரு வருடம் இருந்து இங்கேயே முடிப்பாயாம். கிரெடிட் என்றால் என்ன புள்ள என்று கேட்டேன், நீ என்னென்னவோ சொன்னாய். இங்கே அரை அவியலில் இறக்கின சோற்றை அங்கே வேறு அடுப்பில் ஏற்றி முடிப்பது, அவ்வளவுதானே என்று நான் கேட்க நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அந்தச் சிரிப்பை எத்தனை நாள் வைத்து வைத்துக் கேட்டேன் தெரியுமா. ஆனால் என் மனம் பிடித்துக்கொண்டது சிரிப்பை மட்டுமில்லை, ஏற்காவிட்டால் என்ற சொல்லையும்தான். ஹோல் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்ததும், இர்ஷானா விழுந்துவிடாமல் கிணற்றுக் கட்டுக்கு வலை போட்டதும் அதற்குப் பிறகுதான். ஏன் உம்மா வீண் வேலை என்று கேட்டாயே, பதில் இதுதான்.

ஆனாலும் நீ கேட்டதையெல்லாம் நான் செய்தேனா இல்லையா? நம்ம ஒழுங்கைப் பஹ்மியின் ஓட்டோவில் வந்தாறுமூலைக்குப் போய், வெயிலில் ஒரு கட்டிடம் விட்டு ஒரு கட்டிடம் ஏறி இறங்கி, நீ படித்த பாடங்களுக்கெல்லாம் என்னென்ன படிப்பித்தார்கள் என்ற தாள்களைச் சீல் குத்தி வாங்கிப் படம் பிடித்து அனுப்பினேன். அதற்குப் பிறகு ட்ரான்ஸ்கிரிப்ட், உன் மார்க்கெல்லாம் போட்ட தாள்கள். அந்த ஒஃபிசில் கஜானி என்று ஒரு தங்கமான பிள்ளை, உன் வயதுதான் இருக்கும், கவரை ஒட்டி, ஒட்டின இடத்துக்கு மேலே சீல் குத்தி, ஒடைக்காம அப்பிடியே அனுப்பணும் அம்மா என்று சொல்லித்தான் தந்தாள். இல்லை என்று நான் சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டுத்தான் வந்தேன்.

அன்று பின்னேரம் பிடித்த மழை. வானம் உடைத்துக்கொண்டு கொட்டியது, ஒழுங்கையில் தண்ணீர் ஏறி, கேற்றடிக்கு வந்து, கிணற்றடிக்கும் வந்துவிட்டது. உனக்குத் தெரியும் எனக்கு வெள்ளம் என்றால் என்ன ஆகும் என்று. அந்தப் பெரிய வெள்ளத்தில் உன் ஏ.எல். சேர்ட்டிபிக்கேற் அலுமாரிக்குள்ளேயே ஊறி, மை கரைந்து, பெயர் எது மார்க் எது என்று தெரியாமல் போனதும், நீ அதை நெஞ்சில் வைத்து அழுததும் என் கண்ணை விட்டு இன்னும் போகவில்லை. அதற்குப் பிறகு இந்த வீட்டில் லெமினேட் செய்யாத தாள் ஏதாவது இருக்கிறதா? வீட்டு உறுதி, உன் பிறப்புச் சான்றிதழ், வாப்பாவின் மரணச் சான்றிதழ், என் கிளினிக் கொப்பியின் மட்டை கூட. எங்களுக்குப் பத்திரம் என்றால் அதுதான். நீயும் போனில் பத்திரம் பத்திரம் என்று பத்துத் தரம் சொன்னாய். ஒட்டின கவர் வெள்ளத்தைத் தடுக்குமா? விடிந்ததும் கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு லெமினேட் செய்கிற கொமினிகேசன் கடைக்குப் போனேன். அந்தக் கடைக்காரன், ராத்தா இது ஒடைக்கக் கூடாத கவர் மாதிரிக் கிடக்கே என்று ஒரு தரமில்லை இரண்டு தரம் கேட்டான். உங்கட வேலையப் பாருங்க தம்பி, என்ர மகள்ட படிப்பு, எனக்குத் தெரியாதா என்று ஏசி, என் கையாலேயே கிழித்துத் தாள்களை எடுத்துக் கொடுத்தேன். சூட்டோடு பளபளவென்று வந்தது. எனக்கென்றால் பெரிய பெருமை. உடனே படம் பிடித்து உனக்கு அனுப்பினேன், இனி நூறு வருடத்துக்கு ஒன்றும் ஆகாது என்றும் சொல்லி அனுப்பினேன்.

உடனே நீ போன் எடுத்தாய். கத்தினாய், சரி, கத்த வேண்டிய விஷயம்தான். ஒட்டின சீலை உடைத்தால் அது செல்லாது, கடைசித் தேதி நெருங்கிவிட்டது என்றெல்லாம் சொன்னாய். அதற்குப் பிறகு, நான் அங்க வரணும் எண்டுதானே உம்மா இப்பிடிச் செஞ்சீங்க என்று கேட்டுவிட்டு வைத்தாய். அந்த ஒரு கேள்விக்குத்தான் இந்தக் கடிதம்.

இல்லை மகள். அல்லாஹ் அறிய அதற்காகச் செய்யவில்லை. அந்தத் தாள் மெஷினுக்குள் போகும்போது வெள்ளத்தைத் தவிர என் மனதில் வேறொன்றும் இருக்கவில்லை. ஆனால் உன்னிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் மிச்சத்தையும் கேள். நீ போனை வைத்த பிறகு குசினிப் படியில் இருந்து அழுதேன், அழுது முடிந்ததும், அப்ப ஜனவரியில் வருவாள் என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. சந்தோசமாக இருந்தது. உன்னைப் பெற்றவளுக்கு உன் படிப்பு கெட்டதில் சந்தோசம் வந்தது. அதை நினைக்க எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை நான் ஹோல் ஜன்னலைக் கூடத் திறக்கவில்லை.

பிறகு மறுபடி பஹ்மியைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தாறுமூலைக்குப் போனேன். கஜானி லெமினேட் தாளைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள், ஏசவில்லை, இதே மாதிரி இன்னும் எத்தனையோ அம்மாமார் கொண்டு வந்திருக்கிறார்களாம். புதிதாக ஒன்று எழுதித் தரலாம் என்றாள். சொல்லிவிட்டு, உங்கட மகள் வந்து மிச்சத்த இங்கயே முடிக்கலாமே அம்மா, இந்த வருசப் பதிவு இன்னும் மூடல்ல, இதுக்கெல்லாம் ஏன் கஷ்டப்படுறீங்க என்று கேட்டாள். ஸாதியா, அந்தப் பிள்ளை நல்லதுக்குத்தான் கேட்டது. எனக்கு வாய் வரை வந்துவிட்டது, கேட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்று. அது போதும். முழங்கால் வலி என்று ஒரு கிழமை சும்மா கிடந்தாலே உன் கடைசித் தேதி தன்பாட்டில் போய்விடும், நான் பொய் சொல்லவும் தேவையில்லை, யாரும் என்னைக் குற்றம் சொல்லவும் முடியாது. அங்கே இருந்த மேசையில் கையை ஊன்றிக்கொண்டேன். கஜானி எழும்பி வந்து தண்ணீர் தந்தாள். குடித்துவிட்டுச் சொன்னேன், அவ அங்கயே படிக்கட்டும் புள்ள, நீங்க கவர ஒட்டித் தாங்க, நல்லா அழுத்தி ஒட்டுங்க என்று. ஓட்டோவில் வந்து ஏறினதும் அடக்க முடியவில்லை. யாரோ உள்ளே என்னை ஏசிவிட்டார்கள் என்று நினைத்துப் பஹ்மி சண்டைக்கு இறங்கப் போனான், அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

மகள், நீ படி. பிள்ளை நித்திரையான பிறகு படிக்கிறேன் என்று கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, மின்ஹாஜைப் பிள்ளையைப் பார்க்கச் சொல், அவருக்கும் இரண்டு கை இருக்கிறது. இர்ஷானாவுக்கு ஏசி குளிரில் சளி பிடிக்கும், காலுக்கு மேசு போட்டு விடு. அவளுக்கு நான் யார் என்று சொல்லிக் கொடு, போன மாதம் போனில் என்னைப் பார்த்து றம்லாவின் பெயரைச் சொன்னாள், நான் சிரித்தேன், ஆனால் எனக்குச் சுட்டது.

பழைய தாள்கள் இனி ஒன்றுக்கும் செல்லாதாம், கிழிச்சிப் போடுங்க அம்மா என்றாள் கஜானி. லெமினேட் செய்ததைக் கிழிக்க முடியுமா? கொண்டு வந்துவிட்டேன். ஹோலில் மாட்டவில்லை, அது உன் வீடு, அங்கே செல்லுபடியான பட்டம்தான் மாட்ட வேண்டும், ஆணி அடித்து இடம் வைத்திருக்கிறேன். இதை என் அறையில் அரிசி வாளிக்கு மேலே சாய்த்து வைத்திருக்கிறேன். சரீப் ஸாதியா என்று வாப்பாவின் பெயரும் உன் பெயரும் ஒன்றாக அச்சில் கிடக்கிறது. குசினிப் புகை படிந்தாலும் துடைத்தால் போய்விடும், எந்த வெள்ளம் வந்தாலும் நனையாது. யாருக்கும் உதவாததால் அது எனக்கு.

அல்லாஹ் உன் அறிவில் பறக்கத்தைத் தரட்டும், உன் வீட்டுக்கு உன்னை ஒரு நாள் சந்தோசத்தோடு கொண்டு வந்து சேர்க்கட்டும், அவசரமில்லை, என் ஹயாத்துக்குள் என்றால் போதும். இனி பொதியைப் பிரி. உள்ளே இருக்கும் கவரை நான் திறக்கவில்லை, வெளிச்சத்தில் பிடித்தும் பார்க்கவில்லை. உம்மா எதையாவது போட்டு வைத்திருப்பாளோ என்று அவசரத்தில் நீயும் திறந்துவிடாதே. அப்படியே அனுப்பு.

வஸ்ஸலாம்,
உன் வீட்டுக் குசினியிலிருந்து,
உம்மா நஸீறா.