போலே என்றொரு சொல்

லிங்கோனி, தன்சானியா
24.01.2025

மதிப்புக்குரிய செயலாளர் றொபின் அவர்களுக்கு,

கூடப் பிறந்த தம்பியைச் செயலாளர் என்று விளிக்க எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் நமது மிஷன் உதவிக் குழுவின் விதி அது. தொண்டுக்குப் போகிறவர் செயலாளருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். நாலு வருடமாக நீங்கள் என்னோடு கதைப்பதில்லை என்பதற்கு விதியில் இடமில்லை. ஆகவே எழுதுகிறேன்.

சுகமாக வந்து சேர்ந்தேன். இந்தப் பங்கில் ஒன்பது சிற்றாலயங்கள், பங்குத்தந்தை ஒருவர்தான். ஒரு ஊருக்கு ஆறு கிழமைக்கு ஒரு முறைதான் அவரால் வர முடியும். மற்ற ஞாயிறுகளில் கஸ்பார் என்ற உபதேசியார் செபம் நடத்துகிறார். சோளம் பயிரிடுகிற மனிதர். பதினாலு கிலோமீற்றர் சேற்றில் நடந்து வருகிறார். சப்பாத்தைக் கையில் கொண்டுவந்து, கோயில் வாசலில் கால் கழுவிவிட்டுப் போட்டுக்கொள்கிறார். ஒஸ்லோவில் தெபான என்ற சுரங்க ரயில் பத்து நிமிடம் பிந்தினால் பூசையை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறவள் நான். அவருடைய சப்பாத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

பாட்டைச் சொல்லி முடியாது. புத்தகம் இல்லை, ஆர்மோனியப் பெட்டி இல்லை, நாலு குரலில் பாடுகிறார்கள். எங்கள் பாடகர் குழுவில் மைக்கை யார் பிடிப்பது என்று தீர்மானிக்கவே இரண்டு கூட்டம் வேண்டும்.

படுக்கையில் கிடக்கும் நோயாளரைப் பராமரிக்கும் முறையைப் பெண்களுக்குக் காட்டிக்கொடுக்க வந்தேன். பாதி விடயம் அவர்கள்தான் எனக்குக் காட்டுகிறார்கள்.

வந்த அன்று மோட்டார் சைக்கிளில் இருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்தேன். பெண்கள் “போலே, போலே” என்று ஓடிவந்து தூக்கினார்கள். எனக்கு எங்கள் பேச்சுப் போலவே கேட்டது. “என்ன போலை?” என்று தமிழில் கேட்டுவிட்டேன். ‘வருந்துகிறோம்’ என்று சொல்கிறார்கள் என்றார் பங்குத்தந்தை. நீங்கள் என்னைத் தள்ளவில்லையே, பிறகு ஏன் மன்னிப்புக் கேட்கிறீர்கள் என்றேன். அவர் அதை மொழிபெயர்க்க, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஏன் என்று இன்னும் விளங்கவில்லை.

இப்படிக்கு,
அனஸ்ரேசியா, தொண்டர்


ட்வெய்ட்டா, ஒஸ்லோ
17.02.2025

அனஸ்ரேசியா அவர்களுக்கு,

தங்கள் அறிக்கை கிடைத்தது. வழமைபோல் குழுக் கூட்டத்தில் உறை பிரித்து என்னால் வாசிக்கப்பட்டது. மைக் பற்றிய வரியில் பிலேந்திரன் அண்ணைக்கு முகம் கறுத்தது. அப்படியான வரிகளைத் தவிர்க்கவும். ஒன்பது ஆலயங்களில் எத்தனைக்குப் போனீர்கள் என்ற விபரம் இல்லை. உபதேசியாரின் சப்பாத்தைப் பற்றி மட்டும் விபரம் போதிய அளவு உண்டு.

இங்கே பாதையெல்லாம் கண்ணாடி போல் பனி உறைந்துகிடக்கிறது.

முன்பின் தெரியாத குடும்பங்களைத் தேடிப்போய்ப் பார்க்க உங்களால் முடிகிறது. நல்லது.

இங்ஙனம்,
றொபின், செயலாளர்

பி.கு: இரத்த அழுத்தக் குளிசையை ஒழுங்காகப் போடவும். இது குழுவின் செய்தி அல்ல.


லிங்கோனி
14.03.2025

செயலாளர் அவர்களுக்கு,

ஏழு ஆலயங்களுக்குப் போய்விட்டேன். எண்ணிக்கை கேட்டீர்கள், எழுதிவிட்டேன்.

போன கிழமை உபதேசியார் கஸ்பாரின் மனைவி காலமானார். மூன்று நாள் அந்த முற்றத்தில் ஊர் முழுவதும் இருந்தது. பெண்கள் விறகும் மாவும் சுமந்து வந்து எல்லோருக்கும் சமைத்தார்கள். காணி வேலிக்காக அவரோடு கோபத்தில் இருந்த அயலவரும் வந்தார். ஒவ்வொருவராகக் கிட்டப் போய் “போலே” என்றார்கள். அவர் “அசந்தே” என்றார். அதற்கு நன்றி என்று பொருள். ஏன் பிந்தி வந்தாய், ஏன் அன்றைக்கு அப்படிச் சொன்னாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த அயலவர் பிறகு இரண்டு நாளும் தண்ணீர் அள்ளிக் கொடுத்ததை என் கண்ணால் பார்த்தேன். இப்படி ஒரு மனிதக் கூட்டத்தை நான் எங்கும் கண்டதில்லை.

மன்னிப்புக் கேட்பதென்றால் முதலில் யாரில் பிழை என்று முடிவாக வேண்டும். போலேக்கு அது தேவையில்லை. உனக்கு நொந்தது, எனக்கும் அது நோகிறது, அவ்வளவுதான். அவர்கள் சிரித்த காரணம் இப்போதுதான் விளங்கியது.

மற்றப் பக்கத்தைத் தனியே வாசி. கூட்டத்துக்கு அது வேண்டாம்.

தம்பி, மெற்றில்டாவின் அடக்கத்துக்கு நான் வரவில்லை. ‘வேலை நிலைமை, வர முடியாது’ என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன். உன் மனைவியை விட எனக்கு வேலை பெரிது என்று நீ நினைத்தாய். அது கொரோனாக் காலத்து நவம்பர். எங்கள் முதியோர் இல்லத்தில் எட்டுப் பேருக்குத் தொற்று. முதல் நாள்தான் இறந்துபோன இரண்டு பேரைக் கழுவித் துணி சுற்றி அனுப்பியிருந்தேன். அந்தக் கையோடு உன் வீட்டுக்கு எப்படி வருவேன்? இதை அன்றே விளக்கியிருக்கலாம். நான் பிழை செய்யவில்லை, நான் ஏன் விளக்க வேண்டும் என்று ரோசம். நீயும் பிழை செய்யவில்லை. அதனால் உனக்கும் ரோசம்.

நாலு வருடம் பிந்திவிட்டது. என்றாலும் சொல்கிறேன். போலே, தம்பி.

அக்கா


ட்வெய்ட்டா
06.04.2025

அன்புள்ள அக்கா,

தபாலில் போட்டால் நீங்கள் அங்கிருந்து புறப்பட்ட பிறகுதான் இது வந்து சேரும். பங்குத்தந்தையின் தொலைபேசிக்குப் படமெடுத்து அனுப்புகிறேன்.

உங்கள் கடிதத்தை இன்று பூசைக்குப் பிறகு கூட்டத்தில் பிரித்து வாசித்தேன். ‘மற்றப் பக்கத்தைத் தனியே வாசி’ என்ற வரியையும் சத்தமாக வாசித்துவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த வரிக்கு ஓடிய கண்ணில் மெற்றில்டாவின் பெயர் பட்டது. நாலு வருடமாக உங்களைப் பற்றி இந்த மேசையில் இருந்துதான் குறை சொன்னேன். ஆகவே மிச்சத்தையும் இந்த மேசையில்தான் வாசிக்க வேண்டும் என்று பட்டது. நீங்கள் தனியே என்று கேட்டதை மீறிவிட்டேன்.

துணி சுற்றிய இடத்தில் கடிதத்தைப் பக்கத்தில் நீட்டினேன். தலைவர் சவிரிமுத்து அண்ணை கடிதத்தை வாங்கி மிச்சத்தை வாசித்தார். முடித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னிடம் வந்தார். “போலே, றொபின்” என்றார். பிலேந்திரன் அண்ணையும் எழும்பி வந்தார். ஏழு பேரும் வந்தார்கள். அடக்கத்து அன்று இவர்கள் எல்லோரும் ‘கொண்டொலேரர்’, அனுதாபங்கள் என்று நோர்வேக்காரரைப் போல் எட்ட நின்று தலையாட்டியவர்கள். அசந்தே, அசந்தே என்று ஏழு முறை சொன்னேன். அதற்குப் பிறகு அழுதேன்.

கூட்டக் குறிப்பில் ‘அறிக்கை வாசிக்கப்பட்டது, ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று பதிந்திருக்கிறேன். மைக் வரியை எடுக்கத் தேவையில்லை என்று பிலேந்திரன் அண்ணையே சொன்னார்.

பெரிய புதன் அன்று கார்டர்மூன் விமான நிலையத்தில் நிற்பேன். குரோருட்டில் உங்கள் வீட்டுக்குப் போக முதல் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

ஒன்று மட்டும் இப்போதே சொல்ல வேண்டும். நீங்கள் ஒஸ்லோவுக்கு வந்த முதல் மாரியில் இருந்து மெற்றில்டா உங்களுடைய சிநேகிதி. நீங்கள்தான் அவளை எனக்குக் காட்டினீர்கள். அவள் செத்தபோது எல்லோரும் என்னிடம் வந்தார்கள். உங்களிடம் ஒருவரும் வரவில்லை. நானும் வரவில்லை.

போலே, அக்கா.

தம்பி