ரோஜா நிற நாடு

நவம்பர் 18

என் வாலுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பார்த்து யாரோ சின்னப் பிள்ளை எழுதியது என்று தூக்கிப் போட்டுவிடாதே. அப்பாதான். வரிகள் மேலே ஏறிக் கீழே இறங்கினால் மன்னித்துக்கொள். விளக்குமாறு பிடித்துப் பழகிய கைக்குப் பேனா ரொம்பச் சின்னதாக இருக்கிறது, நழுவுகிறது. இந்த ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் ஆயிற்று. ஆனாலும் வேறு யார் கையும் படாமல் நானே எழுதும் முதல் கடிதம் இது!

அறுபத்தெட்டு வயதில் ஏன் இந்த வேலை என்பாய். சந்தேகம்தான் காரணம். உன் கடிதங்களை மளிகைக் கடைக்காரர் படித்துச் சொல்வார் அல்லவா? போன வருஷம் ஒரு கடிதத்தில், "அப்பா, கடையில் நல்ல எண்ணெயாக வாங்கித் தலைக்குத் தேய்த்துக்கொள்ளுங்கள்" என்று நீ எழுதியிருப்பதாகப் படித்தார். அடுத்ததில் சோப்பு. என் மகளுக்குக் கடைக்காரர் வியாபாரத்தில் இவ்வளவு அக்கறையா என்று யோசித்தேன். நான் பெருக்குகிற பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சரிடம் போய் நின்றேன். பள்ளி விட்ட பிறகு, நான் பெஞ்சு துடைத்து முடித்ததும், தினம் அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். ஒரு வருஷம் ஆயிற்று. பழைய கடிதங்களை எடுத்துப் படித்துப் பார்த்துவிட்டேன். எண்ணெயும் இல்லை, சோப்பும் இல்லை!

இப்போது டீச்சர் மேலேயே எனக்கு ஒரு சந்தேகம். உலகத்தில் எந்தெந்த நாட்டில் கிறிஸ்துமஸை எப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். சுவரில் பெரிய உலக வரைபடம். ஒவ்வொரு வழக்கத்தையும் ஒரு சீட்டில் எழுதி அந்தந்த நாட்டின் மேல் ஒட்டியிருக்கிறார்கள். பெருக்கும்போது ஒவ்வொன்றாகப் படிப்பேன். ஒரு நாட்டில் மரத்தைச் சிலந்தி வலையால் அலங்கரிப்பார்களாம். நான் இருபத்தாறு வருஷமாக ஒட்டடை அடிக்கிறேன், யாரும் அதை அலங்காரம் என்று சொன்னதில்லை. இன்னொரு நாட்டில் பிள்ளைகள் ஜன்னலில் செருப்பை வைப்பார்களாம். நல்ல பிள்ளைக்குப் பரிசு, குறும்புப் பிள்ளைக்கு உருளைக்கிழங்கு. பிள்ளைகளை அடக்கி வைக்க டீச்சரே கட்டிவிட்ட கதை என்று நினைக்கிறேன்.

போன வாரம் ஈரத்துணியால் வரைபடத்தைத் துடைத்தேன். ஆறு சீட்டு கீழே விழுந்தது. அத்தனையையும் நானே படித்து நானே திரும்ப ஒட்டினேன். நீ வேலைக்குப் போயிருக்கும் நாடு எனக்கு நன்றாகத் தெரியும். மேலே, ஓரமாக, கரையெல்லாம் கிழிந்த துணி மாதிரி, ரோஜா நிறம். அதன் மேல் இருக்கும் சீட்டில், பண்டிகைக்கு முந்தைய நாட்களில் ஜனங்கள் விடிகாலையில் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக உருண்டு கோயிலுக்குப் போவார்கள் என்று இருக்கிறது. கிழவர்களுமா? உண்மையா? நீ கண்ணால் பார்த்தாயா?

டீச்சர் ஒன்று கேட்டார். டிசம்பர் 22 அன்று பள்ளியில் விழா. "அங்கயே இருக்கிற உங்க மக ஒரு கடிதம் எழுதினா, மேடையில படிச்சிடலாம் தாத்தா" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். எழுது.

உன்,
அப்பா (சொந்தக் கையெழுத்து)


நவம்பர் 23

அன்புள்ள அப்பா,

உறையைப் பிரித்ததும் அழுதுவிட்டேன். கோணலாக இருந்தாலும் உங்கள் எழுத்து அல்லவா! சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வேலை செய்தேன். கூட வேலை செய்கிறவர்கள் காதல் கடிதமா என்று கேலி செய்தார்கள். ஆமாம் என்றேன்.

இனி என் கடிதங்களை நீங்களே படிப்பீர்கள் என்பது சந்தோஷம்தான். கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

டீச்சர் சொல்வது உண்மைதான் அப்பா. இங்கே சக்கரம் கட்டிக்கொண்டுதான் போவார்கள். கிழவர்களும் போவார்கள். போன வருஷம் நானும் போனேன். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துப் பெண்கள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு முறை விழுந்தேன். தெருவெல்லாம் ஒரே சிரிப்பு.

மேடையில் படிக்கிற அளவுக்கு எனக்கு எழுத வராது. வேறு ஏதாவது சொல்லி டீச்சரைச் சமாளியுங்கள். கடிதத்தை எப்போதும் போல என் கம்பெனிக்கு நம் ஊர்ப்பக்கம் இருக்கும் அலுவலக முகவரிக்கே அனுப்புங்கள். வாரா வாரம் விமானத்தில் வரும் பையில் எனக்குக் கிடைத்துவிடும்.

முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா?

உங்கள்,
வாலு


நவம்பர் 29

என் வாலுக்கு,

நீ விழுந்ததை நினைத்து முதலில் சிரித்தேன். கடிதத்தை நாலு தடவை படித்தேன். பியூனைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். கேட்காதவர்களுக்கும் படித்துக் காட்டினேன்.

பிறகு நேற்று ஒரு கூத்து நடந்தது. காலையில் வந்து பார்க்கிறேன், என் மூன்று விளக்குமாறையும் காணோம். பியூன் மேல்தான் எனக்குச் சந்தேகம். புது விளக்குமாறைப் போன மாதமே ஒரு மாதிரி பார்த்தான்.

"டேய், மரியாதையா எடுத்துக் குடுத்திடு."

"தாத்தா, உங்க விளக்கமாறை வெச்சு நான் என்ன, ஊர்வலமா போகப்போறேன்?"

அதற்குள் மூன்றாம் வகுப்பில் குபீரென்று சிரிப்பு. கேள்விராணி என்று நான் பெயர் வைத்திருக்கும் பெண் அலமாரிக்குப் பின்னாலிருந்து மூன்றையும் எடுத்து வந்தாள். "கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி சூனியக்காரிங்க வந்து விளக்கமாறுல ஏறிப் பறந்திடுவாங்கன்னு ஒளிச்சு வெப்பாங்க தாத்தா. அந்தக் காலத்து நம்பிக்கை. உங்க மக இருக்கிற நாட்டு வழக்கம். உங்களுக்குத் தெரியாதா?"

"என் மக நாட்டுல சக்கரம் கட்டிக்கிட்டுல்ல போவாங்க?" என்றேன்.

டீச்சர் என்னை வரைபடத்துக்கு அழைத்துப் போனார். பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "யாரு இதை மாத்தி ஒட்டினது? சக்கரம் கீழே இருக்கிற இந்த மஞ்சள் நாட்டுல தாத்தா. அது வெயில் ஊர். உங்க மக ஊர்ல டிசம்பர்ல தெருவெல்லாம் பனி, எங்க உருள்றது?"

மாற்றி ஒட்டியது நான்தான். சீட்டில் இருப்பதைப் படித்தேனே தவிர, வரைபடத்தில் நாடுகளின் பெயரை எறும்பு மாதிரி அச்சடித்திருக்கிறார்கள், கண்ணுக்குத் தெரியவில்லை. நிறத்தைக் குத்துமதிப்பாக நினைவில் வைத்து ஒட்டிவிட்டேன். பிள்ளைகள் முன்னால் தலை குனிந்தேன். அது பரவாயில்லை.

ஆனால் வாலு, தப்பு என்னுடையது. அப்படியானால் நீ எந்தத் தெருவில் விழுந்தாய்?

டீச்சரிடம் உன் கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பியூனிடம் காட்டியதை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். இரவு உன் உறைகளையெல்லாம் எடுத்து வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இங்கே ஒட்டுகிற தபால்தலைதான். அது அந்தக் கம்பெனிப் பையினால் என்று நீ முன்பே சொல்லியிருக்கிறாய். சரி. ஆனால் நான் கேட்டு நீ பதில் எழுதி இங்கே வந்து சேர ஆறே நாள். அந்த விமானம் எனக்காகவே பறக்கிறதா?

சந்தேகப்படுவது என் கெட்ட குணம் என்று உன் அம்மா இருந்தவரைக்கும் சொல்வாள். இது தப்பான சந்தேகம் என்று ஒரு வரி எழுது. போதும்.

அப்பா


டிசம்பர் 3

அன்புள்ள அப்பா,

தெருவில் இல்லை. கூரை போட்ட பெரிய கூடத்தில்தான் உருண்டோம். நான் சரியாக எழுதவில்லை, அவ்வளவுதான். விளக்குமாறையும் ஒளிப்பார்கள், சொல்ல மறந்துவிட்டேன். இரண்டும் உண்டு.

புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிறவர்களுக்கு எல்லாம் தெரிந்துவிடுமா? நீங்கள் டீச்சரை நம்புகிறீர்களா, என்னையா?

இங்கே வேலை அதிகம். கொஞ்ச நாளைக்குக் கடிதம் வராவிட்டால் கவலைப்படாதீர்கள். குளிர் தாங்கவில்லை. நம் தெருவில் எல்லோருமாகச் சேர்ந்து வாங்கிக் கொடுத்த நீலக் கம்பளிச் சட்டையைக் கழற்றுவதே இல்லை.

வாலு


டிசம்பர் 14

என் வாலுக்கு,

உறையின் மேல் இருக்கும் முகவரியைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். கம்பெனி அலுவலகம் என்று எழுதவில்லை. சலவை நிலையம், மாடி என்று எழுதியிருக்கிறேன். பதறாதே. உட்கார்ந்து படி.

ஒரு வரி கேட்டேன். நீ ஒரு பக்கம் எழுதினாய். அதில் நான் கேட்ட வரி இல்லை.

சனிக்கிழமை விடுப்புச் சொல்லிவிட்டுப் பேருந்து நிலையத்துக்குப் போனேன். உறையில் இருந்த வட்ட முத்திரையில் ஊர்ப் பெயரைப் படித்து வைத்திருந்தேன். அதே பெயர் பேருந்தின் நெற்றியில் எழுதியிருந்தது. யாரிடமும் கேட்காமல் நானே படித்து ஏறினேன். நடத்துநரிடம், "இந்த ஊர்தானே? போர்டுல படிச்சேன்" என்று இரண்டு தடவை சொன்னேன். "அதான் ஏறிட்டீங்களே, உக்காருங்க பெரியவரே" என்றார். எதற்காகப் போகிறேன் என்பது மறந்து கொஞ்ச நேரம் சந்தோஷமாகவே இருந்தேன். இரண்டு மணி நேரப் பயணம்.

கம்பெனி முகவரியில் இருந்த கதவு எண்ணைத் தேடிப் போய் நின்றேன். பலகையில் கம்பெனி என்று இல்லை. மூன்று தடவை எழுத்துக் கூட்டினேன். சலவை நிலையம் என்றே மூன்று தடவையும் வந்தது. நான் புதிதாகப் படிக்கிறவன், தப்பாகப் படிக்கிறேன் என்று நம்பப் பார்த்தேன். எதிரில் டீக்கடை போட்டிருக்கும் அம்மாவிடம், "அந்தப் போர்டுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

"துணி வெளுக்கிற இடம்ப்பா. யாரைப் பாக்கணும்?"

உன் அடையாளம் சொன்னேன்.

"அந்தப் பொண்ணா? ரெண்டு வருசமா இங்கதான் இருக்குது. பாவம், வெளிநாட்டு வேலைன்னு எவனோ ஏமாத்திட்டான். விமானம் ஏறவே இல்ல. வீட்டுக்குப் போன்னா, மாலை போட்டு அனுப்பி வெச்ச தெருவுல எப்படிக்கா போய் நிக்கறதுன்னு கேக்கும். நீங்க யாரு?"

"தெரிஞ்சவன்" என்றேன்.

மாடி ஜன்னல் திறந்திருந்தது. நீயும் இன்னொரு பெண்ணும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துப் படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தீர்கள். நீலக் கம்பளிச் சட்டையை நாலாக மடித்து முக்காலி மேல் மெத்தை மாதிரி போட்டிருந்தாய். நல்ல யோசனை. அந்தப் பெண் ஏதோ சொன்னாள், நீ தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாய். மேலே வந்திருப்பேன். வந்தால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும் என்று தோன்றியது. டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

பேருந்தில் வரும்போது உன் மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது. பாதி வழியில் அது என் மேல் திரும்பிவிட்டது. இரண்டு வருஷமாக யார் கேட்டாலும் வகுப்புக்குள் இழுத்துப் போய் ரோஜா நிறத்தைக் காட்டியவன் நான்தானே? நீ திரும்பி வர முடியாதபடி நம் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது என் வாய்தான்.

அதனால் ஒரு காரியம் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில், கடையில் நாலு பேர் நிற்கும்போது, மளிகைக் கடைக்காரரிடம் சொன்னேன். "என் மக வெளிநாட்டுல இல்ல. ஏமாத்திட்டாங்க. ரெண்டு மணி நேரத் தூரத்துல துணி வெளுக்கிற இடத்துல வேலை பாக்குறா." அவர் பொட்டலம் கட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"அட, ரெண்டு மணி நேரம்தானா? அப்ப ஞாயித்துக்கிழமைல வந்துட்டுப் போகலாமே."

அவ்வளவுதான் வாலு. அடுத்த ஆளுக்கு என்ன வேண்டும் என்று கேட்கப் போய்விட்டார். இதற்காகவா நாம் இரண்டு வருஷம்?

மறுநாள் டீச்சரிடமும் சொல்லிவிட்டேன். மேடையில் உன் கடிதம் கிடையாது. டீச்சர் கீழே விழுந்திருந்த ஒரு சீட்டை என் கையில் கொடுத்து, எந்த நாடு என்று விரலால் காட்டி, என்னையே ஒட்டச் சொன்னார். அந்த நாட்டில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் ஒரு தட்டு கூடுதலாக வைப்பார்களாம். சொல்லாமல் கொள்ளாமல் யாராவது வந்தால் அவருக்கு. எனக்குச் சந்தேகம்.

"யாரும் வரலைன்னா அந்தத் தட்டை என்ன பண்ணுவாங்க டீச்சரம்மா?"

"எடுத்து வெச்சிடுவாங்க தாத்தா. அடுத்த வருஷம் மறுபடி வெப்பாங்க."

இத்தனை சீட்டில் இந்த ஒன்றை மட்டும் நான் உடனே நம்பினேன்.

நம் வீட்டில் இரண்டு தட்டு. உன்னுடையதை இரண்டு வருஷமாகக் கவிழ்த்தே வைத்திருந்தேன். திங்கள் சாயங்காலத்திலிருந்து நிமிர்த்தி வைக்கிறேன். அவர்களுக்கு வருஷத்தில் ஒரு நாள். எனக்கு வருஷம் வரைக்கும் பொறுமை கிடையாது, தினமும் வைக்கிறேன். என்ன நடந்தது என்று கேட்க மாட்டேன். நீ சொன்னால் கேட்பேன். அந்த நீலச் சட்டையைக் கொண்டு வராதே, அது முக்காலியிலேயே இருக்கட்டும்.

நீ வரும்வரை தட்டைத் துடைத்துத் துடைத்து வைப்பேன். வராவிட்டால் அடுத்த வாரம் இதே முகவரிக்கு, இதைவிட நேரான வரிகளில், நிச்சயம் எழுதுவேன்.

அப்பா