மண்டோரை அப்பா என்ற மகள்

மழைக்காலம் வந்துவிட்டது, நீங்கள் வரைந்த படத்தில் மறுபடியும் பூஞ்சணம். காலையிலிருந்து துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறேன். படத்திலிருக்கும் மம்பாவ் குன்றைப் பாதி தின்றுவிட்டது. கட்டினவளுக்கு நீங்கள் விட்டுப்போன சொத்து இதுதானே!

வரிசையாக ரப்பர் மரம், நடுவே ஓடை. புகைக்கொட்டகைப் புகை மலைப் பனியோடு கலக்கிறது. பால் வெட்டுகிறவர்கள், எருமை, கொக்கு, எல்லாம் ஒரே குடும்பம்போல. "மனுஷன் உழைப்பும் காடும் சண்டையில்லாம இருக்கு பாரு" என்று பெருமையடித்தீர்கள். சண்டை இல்லையாம்! இப்போது நானும் பால் வெட்டத்தான் போகிறேன். கொசுவையும் அட்டையையும் எங்கே வரைந்தீர்கள்?

தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலை முடிந்து வந்தால் சோறு ஆறி அவலாகும்வரை அந்தப் படத்தின் முன்னால்தான். ஆட்களை வேலை வாங்குகிற மண்டோருக்கு முகம் வரைந்தீர்கள். கொக்குக்குக்கூட முகம் உண்டு. உங்களுக்கு மட்டும் கிடையாது. "வரையிறவன் படத்துக்குள்ள எப்படி நிப்பான்?" சிரம்பானுக்குப் போய் ஒரு போட்டோ எடுப்போம் என்று எத்தனை தடவை கெஞ்சினேன்! "நான் எதுக்கு இருக்கேன்? ரெண்டு பேரையும் நானே வரையிறேன்." வரைந்து கிழித்தீர்கள். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தீர்கள்.

அந்தப் பிள்ளை இப்போது "இதுல அப்பா யாரு?" என்று கேட்டு உயிரை வாங்குகிறாள். ஒருநாள் உலை பொங்கி வழிகிற நேரம், "அதோ, தொப்பி போட்டவரு" என்று கை காட்டித் தொலைத்தேன். அது மண்டோர்! நேற்று விடிகாலை, ஆள் பேர் கூப்பிடும் பெரட்டில், அத்தனை ஜனத்துக்கு முன்னால் அவர் காலைக் கட்டிக்கொண்டு "அப்பா" என்றாள். பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். புருஷன் இல்லாதவளுக்கு இந்தப் பேர் ஒன்றுதான் பாக்கி.

மண்டோர் கிழவர் கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவளைத் தூக்கிக்கொண்டார். "நான் இல்லம்மா. உங்கப்பா என்னைவிட நெட்டை. புருவத்துல ஒரு தழும்பு இருக்கும். சிரிச்சா கண்ணு மூடிக்கும்."

தழும்பா? எந்தப் புருவத்தில்? வீட்டுக்கு வந்து யோசித்து யோசித்துப் பார்த்தேன், வரவில்லை. என் ஆத்திரமெல்லாம் இதற்குத்தான், கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் முகம் எனக்கே அழிந்துகொண்டு வருகிறது. இப்படி விட்டுப்போகலாமா?

குரல் மட்டும் இருக்கிறது. "கொஞ்சம் தள்ளி நில்லு, வெளிச்சத்த மறைக்கிறே." இன்றைக்கும் ஜன்னல் பக்கம் போனால் என் கால் தானாக ஒதுங்கிக்கொள்கிறது.