செல்லசாமி கொழும்புக்குப் படிக்கப் போனான்

ஹட்டன்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மச்சான் ஜீவராஜுக்கு,

கொழும்பு வெக்கை உனக்கு இந்நேரம் பழகியிருக்கும். இங்கே மழை விட்டபாடில்லை. துவைத்த துணி காயவில்லை என்பதைத் தவிர எல்லோரும் சுகம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் கொஞ்ச நேரத்தில் நான் மேடையில் போடுகிற அழகம்மா குரலுக்குப் போய்விடுகிறேன். நீயும் செல்லசாமியாகிப் பதில் சொல்கிறாய். சிரித்துவிட்டு வைத்துவிடுகிறோம், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகிறது. இந்தத் தடவை அப்படி ஆகக் கூடாது. வலப்பனைப் பக்கம் நடந்த திருவிழா வீடியோ ஒன்று கைமாறிக்கொண்டிருக்கிறது. அது உன்னிடம் வருவதற்கு முன்னால் இது வர வேண்டும். தபாலில் போட்டால் பிந்தும் என்பதால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

முதலில் உன் வீட்டுச் செய்தி. உன் அம்மா நன்றாக இருக்கிறார். மகன் எம்.பி.ஏ. படிக்கிறான் என்று தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்திலும் சொல்கிறார், கோயிலிலும் சொல்கிறார். கேட்டவர்களிடமே மறுபடியும் சொல்கிறார். போன வாரம் நான் பெக்டரி வேலை முடிந்து வரும்போது வழியில் நிறுத்தி, “நீயும் ஏதாச்சும் படிக்கலாமேப்பா, இன்னும் எத்தன நாளைக்குச் சேல கட்டிக்கிட்டு ஆடுவ?” என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

நேர்முகப் பரீட்சையில் நடந்ததை நீ போனில் சொன்னாயே, அன்றே எனக்குள் இந்த எரிச்சல் ஆரம்பித்துவிட்டது. காமெடி பண்ணியவருக்கு முகாமைத்துவப் படிப்பு எதற்கு என்று ஒரு மேடம் கேட்டார் என்றாய். உடப்புசல்லாவையில் மழையும் பெய்து கரண்ட்டும் போய், கலையப் பார்த்த கூட்டத்தை மைக் இல்லாமல் நாம் பிடித்து நிறுத்தியதைப் பதிலாகச் சொன்னேன் என்றாய். “நான்” என்று சொல்லாமல் “நாங்கள்” என்றே சொன்னாயாம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் ஒன்று கேட்டேனே, நினைவிருக்கிறதா? “அழகம்மா வசனத்த யார்றா பேசினது?” என்று கேட்டேன். “நானேதான், ரெண்டு குரலுலயும் பேசிக் காட்டினேன்” என்றாய். சிரித்தார்களா என்றேன். “பயங்கரமா சிரிச்சாங்க மச்சான்” என்றாய்.

நீ என் வசனத்தைத் திருடியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. நான் இல்லாமலே அழகம்மா அந்த ஏ.சி. அறைக்குள் போய்ச் சிரிப்பு வாங்கிவிட்டாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

யோசித்துப் பார். இத்தனை வருடம் நீ புருஷன் செல்லசாமி, நான் பெண்டாட்டி அழகம்மா. நிகழ்ச்சி பேசுவது, வேன் பிடிப்பது, நம்முடைய ‘சிரிப்பு லயம்’ வீடியோக்களுக்குக் கடைக்காரர்களிடம் விளம்பரம் வாங்குவது எல்லாம் உன் பொறுப்பு. எழுதுவது என் பொறுப்பு. நீ பார்த்த வேலைக்கு அனுபவம் என்று பெயர் வைத்து ஒரு பல்கலைக்கழகம் உன்னைக் கூப்பிட்டுக்கொண்டது. நான் பார்த்த வேலைக்கு யாரும் ஒரு பெயரும் வைக்கவில்லை.

சரி, வலப்பனைக்கு வருகிறேன். நீ போவதற்கு முன் ஒத்துக்கொண்ட நிகழ்ச்சி அது. நீ வரமாட்டாய் என்றதும் கோயில் தலைவர், “செல்லசாமி இல்லாம அழகம்மா மட்டும் வந்து என்னாங்க செய்யிறது?” என்று கேட்டுவிட்டார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி நிஷாந்தி, “நான் செல்லசாமியா வர்றேங்க” என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். நாம் வீட்டில் ஒத்திகை பார்த்ததையெல்லாம் சமைத்துக்கொண்டே கேட்டவள் அல்லவா, உன் பங்கு முழுவதும் அவளுக்குப் பாடம்.

நான் புதிதாக எழுதினேன். செல்லசாமி கொழும்பில் வியாபாரப் படிப்பு படித்துவிட்டு டை கட்டிக்கொண்டு தோட்டத்து லய வீட்டுக்குத் திரும்பி வருகிறான். ரொட்டி சுடுவதற்கு அழகம்மாவிடம் ஐந்தாண்டுத் திட்டம் கேட்கிறான். தேங்காய்ச் சம்பலுக்குச் சந்தை ஆய்வு செய்யச் சொல்கிறான். பெற்ற தாயைப் பார்த்து, “நீங்க எந்தப் பிரிவு?” என்று கேட்கிறான். ஆமாம் மச்சான், உன்னை நினைத்துத்தான் எழுதினேன். உன் நடை, நீ கண்ணாடியைத் தூக்கி விடுவது எல்லாவற்றையும் நிஷாந்திக்கு நானே சொல்லிக்கொடுத்தேன்.

ஜனங்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மரத்தில் ஏறியிருந்தவர்கள்கூட இறங்கி முன்னால் வந்துவிட்டார்கள். கொழும்பில் உனக்குக் கிடைத்த சிரிப்பைவிட இது பெரிது என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே நடித்தேன்.

கடைசிக் கட்டத்தில்தான் பிசகியது. செல்லசாமி பெட்டியைத் தூக்கிக்கொண்டு, “இன்னும் மேல படிக்கப் போறேன்டி, பெரிய ஆளா வருவேன்” என்கிறான். அதற்கு அழகம்மா வெடுக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். நன்றாகத்தான் எழுதி வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் வரவில்லை. “அப்ப நான்?” என்று கேட்டுவிட்டேன். அழகம்மா குரலில்கூட இல்லை, என் குரலில்.

கூட்டம் அடங்கிப்போனது. முன்னால் இருந்த ஒரு பெண் “ஐயோ பாவம்” என்றாள். நடிப்பு என்று நினைத்துவிட்டார்கள். நிஷாந்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, “நீயும் வாடி, பொட்டி தூக்க ஆள் வேணும்” என்றாள். கைதட்டல் ஓய வெகுநேரமானது. எழுதாத அந்த வசனத்தைத்தான் இப்போது எல்லோரும் போனில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள்.

திரும்பும்போது வேனில் நிஷாந்தி மீசையைத் துடைத்துக்கொண்டே, “பொறாமையக் கொண்டுபோய் மேடையில வச்சு வித்துட்டீங்க. அந்தப் புள்ள பாத்தா என்னா நெனைக்கும்?” என்றாள். அவள் உன்னைவிட நன்றாக நடிக்கிறாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உனக்கும் கொஞ்சம் எரியட்டும்.

நேற்று உன் அம்மா அந்த வீடியோவைப் பார்த்துவிட்டார். பக்கத்து வீட்டில் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். என்னைத் தேடி வந்தார். திட்டப்போகிறார் என்று எழுந்து நின்றேன். ஐந்தாண்டுத் திட்டத்துக்கு விழுந்து விழுந்து சிரித்ததாகச் சொன்னார். தாயைப் பார்த்துக் கேட்கிற அந்த இடத்தைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது வாசலில் நின்று, “என் மகன் அப்புடிக் கேக்கமாட்டான்ல, அழகுமுத்து?” என்றார். கேட்கமாட்டான் அம்மா, அவன் அப்படிப்பட்டவன் இல்லை என்றேன். அதைச் சொல்லும்போது என் மனதில் கொஞ்சமும் பொய் இல்லை. அதனால்தான் இன்று உட்கார்ந்து எழுதுகிறேன். அந்த வரியை இனி எந்த மேடையிலும் பேசமாட்டோம். மற்றதெல்லாம் இருக்கும். நன்றாக வந்திருக்கிறது, உனக்காகக்கூட அதை விடமுடியாது.

ஒரே ஒரு குறை மச்சான். நிஷாந்தி மேடையில் சிரிப்பதே இல்லை. நீ அப்படி இல்லை. செல்லசாமி சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு, முடியாமல், கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று தோளைக் குலுக்குவாயே. கூட்டம் சிரிப்பதெல்லாம் எனக்குப் பிறகுதான். உன்னை அப்படித் திரும்ப வைத்துவிட்டால் அன்றைக்கு வசனம் சரி என்று எனக்குத் தெரியும். இப்போது எழுதிவிட்டு, சரியா தப்பா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

நன்றாகப் படி. வகுப்பில் ஆங்கிலத்தில் வேகமாகப் பேசுகிறவர்களைப் பார்த்துப் பின்வாங்காதே. மழையில் கூட்டத்தை நிறுத்தியவன் நீ. முருகன் துணையிருப்பார். முதலாவதாக வா. பெரிய கம்பனியில் உட்கார், அம்மாவை லயத்திலிருந்து கூட்டிக்கொண்டு போ. இதையெல்லாம் நான் மனதார வேண்டிக்கொள்கிறேன், பொறாமையோடுதான் என்றாலும்.

அங்கே உன்னைச் சிரிக்க வைக்க ஒருத்தன் கிடைப்பான். கிடைத்தால் எனக்குச் சொல்லாதே.

என்றும் உன்,
அழகுமுத்து